அத்தை முறை

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு
சாமிமலை ரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிட்டு
சேறு பார்த்துப் பார்த்து ஏறி வந்தாள்
பிரிஜித் டெவனி, வயது அறுபத்தெட்டு.
கையில் ஒரு பிளாஸ்டிக் உறை.
உறைக்குள் நாங்கள்.

தம்பி ஜெகதீசன் செய்த வேலை இது.
டோஹா ஹோட்டலில் பாத்திரம் கழுவிய காலத்தில்
கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரன் சொன்னானென்று
சின்னக் குப்பியில் எச்சில் துப்பி அனுப்பினானாம்.
இங்கே துப்பினால் மழையோடு போகும்.
அங்கே துப்பியதற்கு அயர்லாந்திலிருந்து ஆள் வருகிறது.

எங்களைப் பூனைக்கண்ணு வீடு என்பார்கள்.
சண்டையில் மட்டும் வேறு பேர்.

ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கும் மகள்
நடுவில் உட்கார்ந்து பேச்சை மாற்றிக் கொடுத்தாள்:
மூன்றாவது கசின், ஒரு படி தள்ளி.
எனக்கு அது ஏதோ பஸ் நம்பர் போலிருந்தது.
விரல் விட்டு எண்ணினேன்.
தொரையும் அவர் தம்பியும் ஒரு வயிறு.
தொரைக்குப் பிறந்தவர், அவருக்குப் பிறந்தவர்,
பிறகு என் அப்பா, பிறகு நான்.
தம்பி பக்கம் ஒரு படி குறைவு.
அப்படியென்றால் அப்பாவுக்குத் தங்கை.
"அத்தை" என்றேன்.

அதற்கென்று அவர்களிடம் தனி வார்த்தை இல்லையாம்,
சித்திக்கும் அதுதானாம், மாமிக்கும் அதுதானாம்.
பாவம்,
எப்படிச் சீர் கேட்பார்கள்?

அடுத்த காம்பிரா முத்துவேலு எட்டிப் பார்த்து
"பங்காளி வந்திருக்காங்க, தோட்டத்துல பங்கு கேளு" என்றான்.
ஏழு பேர்ச்சுக்கே இன்னும் கையெழுத்து ஆகவில்லை.

உறையிலிருந்து ஒரு கடிதத்தின் நகலை எடுத்தாள்.
தொரை தன் தாய்க்கு எழுதியது.
மழை. குதிரைக்குப் பேர் ரோசி.
ரெண்டு நாய், அவற்றுக்கும் பேர்.
நம் ஊர்ப் பேரையே தோட்டத்துக்கு வைத்துவிட்டேன்.
உருளைக்கிழங்கு நன்றாக வருகிறது, அம்மா.
மகள் கடைசி வரி வரை படித்தாள்.
திரும்ப முதலிலிருந்து படித்தாள்.
கொழுந்தெடுத்த பெண் ஒருத்தி
அதில் எங்கும் இல்லை.

அவள் பேர் செங்காயி.
அதை நாங்கள் வைத்திருந்தோம்,
காகிதம் இல்லாமல்.
அத்தை எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டாள்,
வம்சப் படத்தில் தொரைக்குப் பக்கத்தில்
கேள்விக்குறி இருந்த கட்டத்தில்.
அழிக்க ரப்பர் இல்லை. அதன் மேலேயே எழுதினாள்.

உங்களிடம் காகிதம் ஏதும் உண்டா என்றாள்.
மகள் என்னைப் பார்த்தாள்.
பிரஜாவுரிமைக்கு அப்பா அலைந்த வருஷங்களில்
உன் அப்பன் எங்கே பிறந்தான், காட்டு என்றார்கள்.
இதே மலையில், இதே தோட்டத்தில்.
பதிவில் தகப்பன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கோடு.
அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு
பதினாறு தடவை கண்டிக்குப் போய்வந்தார்.

எங்கள் கில்மோரில் பன்னிரண்டு வீடு, எந்நேரமும் மழை என்றாள்.
இங்கே பன்னிரண்டு காம்பிரா, எந்நேரமும் மழை என்றேன்.
சிரித்தோம்.
கிழங்கு அழுகிய பஞ்சத்தில்
ஊரே கப்பலேறியது என்றாள்.
செங்காயியைத் தாது வருஷத்தில்
முசிறிப் பக்கமிருந்து இடுப்பில் தூக்கிவந்தார்களாம்.
ரெண்டு பசியும் இந்த மலையில்தான் சந்தித்திருக்கிறது,
ஒன்று குதிரை மேலே, ஒன்று கூடையோடு.
அதை நான் சொல்லவில்லை.
அத்தை உருளைக்கிழங்குப் பிரட்டலை
ரெண்டாம் தரம் போட்டுக்கொண்டிருந்தாள்.

போகும்போது முகவரி கேட்டாள்.
லயத்துக்கு ஏது இலக்கம்?
தபால் ஆபீசுக்கு வரும், ஆபீஸ் பிரித்துப் பார்க்கும்.
போர்டில் கில்மோர் என்றிருக்கும்,
நாங்கள் மொட்டப்பாறை என்போம்.
மகள் ரெண்டையும் எழுதிக் கொடுத்தாள்.

ஆறு வாரம் கழித்து
பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஒரு உறையோடு நின்றார்.
பிரித்து ஒட்டியிருந்தது.
யாருக்கு இது, எந்தத் தோட்டம் என்று இரைந்தார்.
உறை மேல் இங்கிலீஷ் இல்லை.
முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில், ஒரு புள்ளி போய்,
மொடப்பாறை.

கூடையை இறக்காமல் கை நீட்டினேன்.
"எங்க அத்தை" என்றேன்.