சுலைமானி நிறம்

முஹர்ரக்கில் படகுத்துறைக்குப் போகிற வழியில்
தூண்டில் சாமான் கடை,
கல்லாவில் நிற்பவன் நான்.
ஆகஸ்ட் ஈரத்தில் இரும்பு முள்ளெல்லாம்
பொட்டலத்துக்குள்ளேயே பழுத்துவிடும்.
"பார், உன் சரக்கின் லட்சணத்தை" என்று
முகத்துக்கு நேரே ஆட்டுவார்கள்
வெள்ளிக்கிழமை மட்டும் மீன்பிடிக்கிற என்ஜினீயர்கள்.
எவர்சில்வர் முள்ளை எடுத்து வைத்து
"உங்கள் பேரனுக்கும் மீன் பிடித்துத் தரும் சார்" என்பேன்.
விலை மூன்று மடங்கு.
சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

வியாகப்பன் ஒருவன்தான் கேட்டான்:
"சீக்கிரமா துருப்பிடிக்கிறது எது?"
கடியபட்டணத்துக்காரன்,
அபு ராஷித்தின் படகில் நாலு வருஷம்.
கையுறைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கல்லாவில் வைத்தான்.
களவாயின் தொண்டையில் இருந்ததாம்.
தலை தலையாகவே இருக்க
உடம்பு சீப்பாய் வற்றிப்போன களவாய்.
முள் மட்டும் புத்தம்புதுசு.
அதன் காதில் பச்சைப் பொட்டு.
நான் விற்ற சரக்கு.

விடவில்லை நான்.
அரித்த முள் பாதியில் ஒடிந்தால்
பத்து கிலோ நெய்மீனுக்கு அபு ராஷித்திடம்
யாரப்பா பதில் சொல்வது?
"முள் ஒடிஞ்சா எனக்கு ஒரு மீன் போச்சு.
தங்கூசி அறுந்தா அதுக்கு வாயே போச்சு."
இரண்டு பொட்டலம் இரும்பு வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றிரவு
அவன் வைத்துவிட்டுப் போனதையும் ஓர் இரும்பு முள்ளையும்
கண்ணாடி டம்ளரில் போட்டு
துறையில் மொண்ட கடல்நீர் ஊற்றி
கணக்கு நோட்டுக்குப் பின்னால் ஒளித்தேன்.
மூன்றாம் நாள் இரும்புக்கு மீசை.
பதினோராம் நாள் தண்ணீர் மஞ்சள்.
இடையில் எனக்குக் காய்ச்சல், குறித்து வைக்கவில்லை.
நாற்பத்துநாலாம் நாள் நகத்தால் தொட்டேன்,
பொரித்த அப்பளம்போல் ஒடிந்தது.
மற்றது போட்டபடி கிடந்தது.

பெட்டியில் இரண்டு வருஷம் தாங்கி
தொண்டையில் இரண்டு வாரத்தில் கரைகிற முள்ளை
யாராவது செய்தால் முதல் பொட்டலம் எனக்கு.
செய்யமாட்டார்கள்.
துருவுக்கு எவன் விளம்பரம் போடுவான்?

இன்று அஸர் பாங்கு முடிந்து
முதலாளி ஹம்ஸாக்கா கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்.
நோட்டை நகர்த்தினார்.
டம்ளரில் நல்ல கடும் சுலைமானி நிறம்.
"சர்க்கரை போட்டாச்சா?" என்று கேட்டபடியே
உதட்டுக்குத் தூக்கிவிட்டார்.

நான் கத்தியது துறைவரை கேட்டிருக்கும்.

"துருத்தண்ணி குடிச்சா சாகவா போறேன்?"
மீசையைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார் ஹம்ஸாக்கா.
வயிறு கலங்கும், அவ்வளவுதான்.
நான் கத்தியது
துருவுக்கு இல்லை.