டிராம் மணல்

மார்ச் பாதி தாண்டிவிட்டது. லியெபாயாவில்
கடல் இன்னும் பனியைத்தான் மென்றுகொண்டிருக்கிறது.
நான்காம் மாடி ஜன்னலோரம், தயிர்க் குப்பிகளில்
முப்பத்தொரு தக்காளி நாற்று.
ஒன்பது தலை சாய்ந்துவிட்டன.

தாகம் என்று நினைத்து ஊற்றினேன்.
மறுநாளும் ஊற்றினேன்.
பின்ஷிஃப்ட் முடிந்து வந்த இரவில்
காபியில் மிதந்தது
எள்ளளவு கறுப்புக் கொசு.

"பறப்பதை விடு. தின்பது கீழே இருக்கிறது,"
என்றான் மூன்றாம் மாடி தாலிவால்டிஸ்,
கதவை முழுதாகத் திறக்காமலே.
உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி
மண்மேல் கவிழ்த்து வைக்கச் சொன்னான்.

காலையில் புரட்டினேன்.
கண்ணாடி நூல் போல உடல், கருந்தலை.
பதினேழு வரை எண்ணினேன்.
வயிற்றுக்குள் ஏதோ தெரிந்தது:
என் நாற்றின் வேரோ,
வெறும் மண்ணோ.
யார் ஊற்றிய ஈரத்தில் பிறந்தீர்கள்
என்று கேட்க வாய் வரவில்லை.

கடல் மணலில் உப்பு.
டிப்போவில் இருக்கிறது காய்ந்த மணல்;
தண்டவாளம் வழுக்கும் நாளில்
சக்கரத்தின் முன் கொட்டுவது.
கோட்டுப் பையில் நாலு கைப்பிடி,
கணக்கில் வராத திருட்டு.
ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினேன்.

கொசுக்கள் இறங்கின, நடந்து பார்த்தன,
முட்டையிட ஈரம் காணாமல்
மஞ்சள் ஒட்டுத்தாளுக்குப் போயின,
எல்லாம் அல்ல.

இன்று பதினெட்டு நிற்கின்றன.
குவளையை
அலமாரி உச்சியில் ஏற்றிவிட்டேன்.
இருந்தும் இருமுறை
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.