பார்க்கமாட்டேன் என்று ஒரு கையெழுத்து

பஃபலோவில், ஏரிக்காற்றுக்கே
திறந்து திறந்து மூடும் கதவருகே
பின்னிரவில் கேட்டுவிட்டேன்.
வாயில் பாதி பிஸ்கட்டோடு
"எழுதலாமே" என்றார் டாக்டர் கோவால்சிக்.

எழுதலாம் வேறு, எழுதுகிறேன் வேறு.
அந்த ஏகாரத்தின் நீளத்தை
வீடுவரை அளந்துகொண்டே வண்டி ஓட்டினேன்.

நான்கு வாரம், பதினாறு ஷிஃப்ட்.
கழன்ற தோளொன்றைப் பொருத்தினேன்.
யாரோ ஒருவரின் பல்செட்டைப்
போர்வை மடிப்பில் தேடி எடுத்தேன்.
இரண்டாவதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

முதல் பத்து சதவீதமா, நடுவில் எங்கோவா,
அவர் குறியிடுவார்.
அதை ஒருநாளும் பார்க்கமாட்டேன் என்று
முன்கூட்டியே நான் கையெழுத்திட வேண்டும்.
இட்டேன்.
"படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்" என்று
நோயாளிகளிடம் தினமும் சொல்கிற வாய்
சும்மா இருந்தது.

பிறகு மூன்று வாரம் மௌனம்.
நினைவூட்டலை எழுதி எழுதி அழித்தேன்.
"சிரமத்துக்கு மன்னிக்கவும்" மட்டும் மிஞ்சியது;
அதை அனுப்பவில்லை.

கடைசித் தேதிக்கு முந்தைய இரவு
மின்னஞ்சலில் ஒரு வரி:
உன் முழுப்பெயருக்கு என்ன ஸ்பெல்லிங்?

பதினாறு ஷிஃப்டும் என்னை
"டென்" என்றே கூப்பிட்டவர்.
தேன்மொழி என்று
ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்,
ழகரத்துக்கு இசட், எச்.
மூன்று முறை சரிபார்த்தேன்,
மருந்தின் அளவைப் போல.