வெளிவிளிம்பு

இறுவட்டுகள் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு.
தை பிறந்ததும் இரும்பு அலுமாரியைத் திறந்து
ஒவ்வொன்றாய்ச் சுழற்றிப் பார்ப்பது என் வேலை.
உறையில் நூறு ஆண்டு என்று அச்சிட்டிருக்கிறது.
கம்பனிக்காரன் திருகோணமலைக் கச்சேரிக்கு வந்ததில்லை.
வாடைக்காற்று உட்துறைமுகம் தாண்டி வந்து
யன்னல் கொளுக்கியை மூன்றே வருடத்தில் தின்றதை
அவன் பார்த்ததில்லை.

தங்கநிற முதுகுகள் இன்னும் தாங்குகின்றன.
நீலம் மங்குகிறது.
ஐம்பது ஐம்பதாய்க் கோத்து மலிவாய் வந்த பச்சையில்
நான்கில் ஒன்று
கிர்ரென்று தொண்டையைச் செருமிவிட்டு
தான் வெறும் வட்டு என்கிறது.

கரையான் தின்ற உறுதியில்
மிச்சத்தையாவது வாசிக்கலாம்.
அந்தக் காகிதங்களைத்தான்
'இனித் தேவையில்லை' என்று
இரண்டாயிரத்து ஏழில் எரித்தோம்.
கையொப்பம் என்னுடையது.

எண்பத்தெட்டு: நண்டுத்துறை, காணி வரைபடங்கள்.
வட்டில் எழுத்து நடுவிலிருந்து வெளியே போகும்.
நில அளவையாளரும் தார்வீதியில் தொடங்கிக்
கடலில் முடித்திருக்கிறார்.
ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது சுத்தமாய்த் திறக்கிறது:
கடை, பள்ளிவாசல், சங்கக் கட்டடம்,
தபாலதிபரின் மாமரம்கூட.
அதற்கப்பால்
உப்பு விளிம்பால் நுழைந்து
உள்ளே நடந்திருக்கிறது.

செய்னம்பு முந்நூற்றுப் பதினொன்று.
விடிய பஸ்ஸில் வந்து வாங்கில் இருந்தவள்,
சோறு சுற்றிய தாளை ஒரு கோட்டை மானுக்குக் கொடுத்துவிட்டு
"கெடச்சா புள்ள?" என்றாள், நாலு தரம்.
ஐந்தாம் தரம் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

"ஊட்டைக் கடல் கொண்டு போச்சு.
உறுதியும் அதோட.
இஞ்ச இரிக்கெண்டுதானே அண்டைக்குச் சொன்னீங்க?"

சொன்னதும் நான்தான்.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன்.
கிழக்கே? கடல்.
மேற்கே? உசனார்ர வேலி.
வடக்கே? கிணறு, இப்ப தூந்து கிடக்கு.
தெற்கே?
கொஞ்சம் யோசித்தாள்.
"தெற்கால ஆளில்ல புள்ள. மணல்தான்."
பென்சிலால் எழுதினேன்.
சட்டத்தில் இதற்குப் பெறுமதி இல்லை என்றும் சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டு நாலாய் மடித்தாள்.

படிவரை போய்த் திரும்பினாள்:
"படிக்கேலாட்டி அத எனக்குத் தாங்களன்.
கருவாட்டுக்குக் காகம் வருது."

பதிவேட்டில் எண்பத்தெட்டுக்கு நேரே
'கழிக்கப்பட்டது' என்று எழுதினேன்.
முந்நூற்றுப் பதினொன்றின் மேல்
இப்போது நைலோன் நூலில் தொங்குகிறதாம்.
காகங்கள் ஒருதரம் பார்த்துவிட்டு
விலகிப் போகின்றனவாம்.

எண்பத்தொன்பதை உள்ளே தள்ளினேன்.
செருமுகிறது.