நாயைப் பிடியுங்கள்

வட்டமான வீட்டுக்கு மூலை கிடையாது.
‘ரவுட்டரை மூலையில் வைக்காதீர்கள்’ என்ற
கையேட்டின் முதல் வரியை
இங்கே நான் தாண்டிவிடுவேன்.

உலான்பாதர், சிங்கெல்தெய் மலைச்சரிவு.
பகல் பதினொரு மணிக்கு மைனஸ் இருபத்தெட்டு.
தோளில் வயர்ச்சுருள், கண்ணில் கரிப்புகை.
பலகை வேலிக்கு வெளியே நின்று
எல்லோரும் கத்துவதைத்தான் கத்தினேன்:
“நாயைப் பிடியுங்கள்!”
நாயே இல்லாத வாசலிலும் அப்படித்தான்.
கதவைத் தட்டுவது எங்களுக்கு மரியாதையில்லை.

உரன்சிமெக் டிராலிபஸ் ஓட்டுகிறவர்.
இரவுப் பணி இன்னும் இமையில் தொங்கியது.
உப்புப் போட்ட பால்தேநீரை நீட்டினார்.
“மகன் போனில் சதுரங்கம் ஆடுகிறான்,
ராணி நடுவழியில் நின்றுவிடுகிறாள்.
பணம் மட்டும் நிற்காமல் போகிறது.”

நடுவே இரும்பு அடுப்பு, கூரை முட்டும் குழாய்:
அலைக்கு அது மலை.
வடக்கே புத்தர்.
அவர் பக்கத்தில் பச்சை விளக்கு மினுங்க
அந்த அம்மாவுக்குச் சம்மதமில்லை.
கிழக்கு மரப்பின்னலில்
அகப்பை தொங்கும் ஆணிக்கு மேல்
ஒரு ஜாண் இடம் கிடைத்தது.

மடிக்கணினியைத் திறந்தேன்.
பயனர்: அட்மின்.
கடவுச்சொல்: அதுவும் அட்மின்.
மூன்று வருடமாகப்
பூட்டும் சாவியும் ஒரே கயிற்றில்.

இணைந்திருக்கும் கருவிகள், பதினொன்று.
“உங்களுடையது எத்தனை?”
விரல் மடக்கினார். என் போன், அவன் போன்,
அவன் பழைய கணினி.
மிச்சம் எட்டு.
திறந்த வீட்டில் நாய் நுழைவது தெரியும்,
எட்டு நுழைந்தும்
ஒரு பால்கிண்ணம்கூட அசையவில்லையே.

வேலியைச் சுற்றிவந்தேன்.
தெற்குப் பலகையோரம் பனி அழுந்திக் கிடந்தது.
என் உள்ளங்கையளவு பூட்ஸ் தடங்கள்,
சூரியகாந்தி விதைத்தோல்,
உட்கார ஒரு கவிழ்த்த வாளி.
கம்பளிச் சுவருக்கு
இருமலை மறைக்கத் தெரியாது,
சண்டையை மறைக்கத் தெரியாது,
அலையை மட்டும் எப்படி?

உள்ளே வந்து தடங்களைச் சொன்னேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பில் இன்னொரு கரித்துண்டு போட்டார்.

நான் என் வேலையைப் பார்த்தேன்.
அட்மினை அழித்தேன். மென்பொருளைப் புதுப்பித்தேன்.
பொத்தான் அழுத்தினால் சேர்க்கும்
சோம்பேறி வசதியை அணைத்தேன்.
புதுக் கடவுச்சொல்லை அவரே தட்டினார்,
நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
பதினேழு முறை டக், டக்.
பதினொன்று மூன்றானது.

“விருந்தினர் வலை என்று ஒன்று இருக்கிறது,” என்றேன்,
கேட்காத கேள்விக்குப் பதிலாக.
“தனி வாசல். உங்கள் கருவிகள் பக்கம் வராது.
வேகத்துக்கு அளவு வைக்கலாம்.
இரவு பத்துக்குத் தானே மூடிக்கொள்ளும்.”

“அதற்குப் பூட்டு வேண்டாம். விருந்தாளிக்கா பூட்டு?”

“பூட்டில்லாவிட்டால் எவனோ செய்யும் தப்புக்கு
உங்கள் முகவரிக்குக் கடிதம் வரும்.”

யோசித்தார்.
“‘நாயைப் பிடியுங்கள்’ என்று வை.”
“அக்கா, நாடே கத்தும் வார்த்தை அது.”
“அப்படியானால் நாயின் பெயரையும் சேர்.”

சேர்த்தேன்.
பெயரை இங்கே எழுத மாட்டேன்,
தொழில் நாணயம்.

இறங்கும்போது வேலியோரம் மூன்று பேர்,
செத்த போன்களை வானத்துக்குக் காட்டியபடி.
உள்ளேயிருந்து அவர் குரல்:
“என் நாய் பேர் தெரிந்தவன் சேர்ந்துகொள்ளலாம்!
முன்னால் நாயைப் பிடி!”
சின்னவன் பல்லால் கையுறையை உருவினான்.
நீல விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டியபடி
வாய்விட்டு உச்சரித்தான்.

வேலிக்குள் சங்கிலி சிலுசிலுத்தது.
தன் பெயர் கேட்டு
கடவுச்சொல் குரைத்தது.

இதை எப்படிச் சரிசெய்வது என்று
கையேட்டில் இல்லை.
பணி முடிந்தது என்று கையெழுத்திட்டேன்.
பேனா மை உறைந்துபோயிருந்தது,
ஊதி ஊதி எழுதினேன்.