தெரிந்ததே

வால்பரைசோவில், துறைமுகத்தைப் பார்த்த குன்றில்
செங்குத்துத் தண்டவாளத்தில் பெட்டிகள் இரண்டு.
ஒரே வடம். ஒன்று ஏற, மற்றது இறங்கும்.
உச்சி அறையில் விசைக்கோல் என் கையில்,
பத்தொன்பது வருடமாய்.

மாலைக் கல்லூரியில் முதல் வீட்டுப்பாடம்:
"இரு பெட்டிகளும் ஏதோ ஒரு கணத்தில்
ஒரே உயரத்தில் இருக்கும் என நிறுவுக."
சிரித்துவிட்டேன்.
நாளுக்கு எழுபது தடவை
என் ஜன்னலுக்கு வெளியே நடக்கிற சங்கதி.
ஒரே சொல்லில் எழுதிக் கொடுத்தேன்: தெரிந்ததே.

விடைத்தாள் திருத்தும் பையன் ரவனால்
சிவப்பு மையில் அவனும் ஒரே சொல்:
யாருக்கு?

அன்று பெட்டியைக் கொஞ்சம் வேகமாகவே இறக்கினேன்.
கீழே சீட்டுக் கிழிக்கும் நெல்தா போனில் கேட்டாள்,
யாரோடு சண்டை என்று.

இரண்டாம் முறை பக்கம் நிறைய எழுதினேன்.
"அவை சந்திக்கும் இடத்தை ம என்க" என்று தொடங்கி
"ஆகவே சந்திக்கின்றன" என்று முடித்தேன்.
ம-வைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.
"போய்ச் சேர வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு
அங்கே போகச் சீட்டு வாங்குகிறீர்கள்."

எனில், என்க, ஆகவே.
மூன்றையும் உப்பு மாதிரி
கண்ட இடத்தில் தூவியிருக்கிறேன்.
'ஆகவே'க்கு முன்னால் ஒரு காரணம் நிற்க வேண்டுமாம்.
பன்னிரண்டு வருட மணவாழ்க்கையில்
என் ஆகவேக்களை யாரும் இப்படி
வழிமறித்துக் கேட்டதில்லை.

மூன்றாம் முறை மூடுபனி.
பெட்டிகள் தெரியவில்லை;
வடம் மட்டும் அறைக்குள் வந்து போகிறது.
ஆளில்லாத நேரம் பார்த்து
பழைய சீட்டுக்கட்டின் பின்புறம் எழுதினேன்:
முதல் பெட்டியின் உயரத்திலிருந்து
இரண்டாவதன் உயரத்தைக் கழி.
கிளம்பும்போது மிகை. நிற்கும்போது குறை.
மிகையிலிருந்து குறைக்குப் போகிற எண்
பூஜ்ஜியத்தைத் தொட்டுத்தானே

தானே.
கை நின்றுவிட்டது.
தொடாமல் தாண்டிக் குதித்தால்?
வடம் குதிக்காது.
ஏன் குதிக்காது?
இப்போது இதை ரவனால் கேட்கவில்லை.

விடை நான்காம் அத்தியாயத்தில் வருமாம்.
நான் இரண்டில் இருக்கிறேன்.
அந்த வரியில் ஒரு விரற்கடை இடம் விட்டு
ஓரத்தில் குறித்தேன்:
"இங்கே ஒரு படி குறைகிறது. எனக்குத் தெரியும்."

மணி அடித்தது. கீழே நான்கு பேர், ஒரு நாய் என்றாள் நெல்தா.
கோலைத் தள்ளினேன்.
பனிக்குள் எங்கோ அவை ஒன்றையொன்று கடக்கும்
என்று போன மாதமாயிருந்தால் சொல்லியிருப்பேன்.

கதவு திறந்தது.
நாய்தான் முதலில் இறங்கியது.