அளவு நோட்டு

"ஊஞ்சல் இல்ல மதினி,
மரத்துல சாஞ்சு உக்கார்ற மாதிரி.
இடுப்புக்குக் கீழ பட்டை, முன்னால கயிறு,
கால் ரெண்டும் மரத்தை மிதிச்சுக்கணும்."
நம்பு போனில் காட்டினான்.
ஏதோ நாட்டு ஆள், இலை அச்சுப் போட்ட சட்டை,
அடிமரத்தை விட்டுப் பின்னால் சாய்ந்து
மரங்கொத்தி மாதிரி நின்றான்.

போன மாசம் வேப்பங்கவட்டில் தூங்கி விழுந்தவன் நம்பு.
விலா இரண்டு.
களிமண்குண்டு முழுக்க மறுநாள் அதே பேச்சு,
பன்றிக்குக் காவல் போனவனைப் பன்றியே வந்து
மோந்து பார்த்துவிட்டுப் போனதாம்.
எதை எடுத்துக்கொண்டு மரமேறுவான் என்று
நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.

இடுப்பு முப்பத்து மூன்று.
தொடை இருபது.
ஜாக்கெட் அளவுகளுக்கு நடுவே எழுதினேன்,
மேலே சத்துணவு டீச்சர், கீழே ஜொகரா.

உச்சிப்புளி காயலான் கடையில்
கார் பெல்ட்டு கிலோக் கணக்கு.
ஒன்றில் மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு
நெசவு அலையடித்துக் கிடந்தது.
"இது இழுபட்டதா?"
"ரோட்டுப் பாலத்துல மோதுன வண்டி."
"ஆளு?"
அவன் எடைக்கல்லை மாற்றிக்கொண்டிருந்தான்.
ஒருவரை ஒரு தடவை தாங்கின பட்டை
இன்னொரு தடவை தாங்குமா,
யாருக்குத் தெரியும்.
அந்தச் சாணை வெட்டி எடுத்தேன்.
தூரப் போட மனசில்லை.
ஆணியில் இப்போது கத்தரிக்கோல்
அதில்தான் தொங்குகிறது.

பதினெட்டாம் நம்பர் ஊசி
மூன்று மடிப்பில் முறிந்தது.
அடுத்ததும்.
மூன்றாவது புருவத்தை உரசிக்கொண்டு தெறித்தது.
மிஷினை மூடிவிட்டுச் சாக்கு ஊசி எடுத்தேன்,
வலை பொத்துகிற நைலான் நூல், மெழுகு.
நாலு பக்கமும் பெட்டி,
பெட்டிக்குள் பெருக்கல் குறி,
அதன் மேலேயே இன்னொரு பெருக்கல் குறி.
ஜாக்கெட்டில் தையல் விட்டால் ஒரு ஊக்கு போதும்.
இது இருபதடி.
ஒவ்வொரு முடிச்சையும் பல்லால் இறுக்கினேன்.
ராத்திரிச் சோற்றில்
நூலின் கவிச்சிதான் இருந்தது.

அவன் அறுபத்தொரு கிலோ.
உரச் சாக்கில் கடற்கரை மணல் அறுபத்தொன்று,
என் பயத்துக்கு மேற்கொண்டு பத்து.
கடலைக் கொல்லை வேம்பில்
தரைக்கு ரெண்டடி மேலே தொங்கவிட்டோம்.
"விடியட்டும். அறுந்தா மணல் விழட்டும்."
வாடைக்காற்று,
தெற்கே கடல் இருமிக்கொண்டே இருந்தது.
அந்தக் கொல்லையில் விதை போட்டது
என் வளையலை வைத்த காசில்.
நாலு நாளில் பறிப்பு.
தூக்கம் வரவில்லை.

விடிந்து போனால்
சாக்கு அப்படியே தொங்குகிறது.
ஒரு பக்கம் முழுக்கச் சேறு,
இன்னும் காயவில்லை.
வந்திருக்கிறது.
வந்து, நின்று, முதுகைத் தேய்த்திருக்கிறது.
பட்டையில், என் பெருக்கல் குறியில்,
ரெண்டு மயிர் சிக்கியிருந்தது,
கறுப்பு, முரடு,
நுனி பிளந்தது.
நம்பு குனிந்து தடம் பார்த்தான்.
"பெருசு ஒண்ணு. குட்டி ஆறு."
எழுந்து தையலைப் பிடித்து இழுத்தான்.
ஒன்றும் அசையவில்லை.
"எவ்வளவு தேச்சிருக்கும், தாங்கிருச்சே மதினி!"

கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து
தரையிலிருந்து சேற்றுக் கோடு வரை பிடித்தேன்.
ஏன் பிடித்தேன் தெரியாது, கைப்பழக்கம்.
முப்பத்தொரு அங்குலம்.
வீட்டுக்கு வந்து நம்புவின் வரிக்குப் பக்கத்தில்,
பேர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டு,
உயரம் மட்டும் எழுதினேன்.

பொழுது சாய வந்தான்.
கூலி வேண்டாம் என்றேன்.
"அப்ப கறி கொண்டாரேன்."
பட்டை மடியில் கிடந்தது.
இன்னும் ஒரு தையல் பாக்கி,
நாளைக்கு வா என்றேன்.

பாக்கி எதுவும் இல்லை.